பொன்செல்வி மஹால்

வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், போட்டுக்கிட்டே வாங்க. இங்க யாரும் கழட்டுறதில்ல. அந்த நாற்காலி வேண்டாம், காலு துருப்பிடிச்சு ஆடும். இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காருங்க. ஏ இசக்கி, ஃபேனைப் போடு. அண்ணாச்சிக்கு ஒரு டீ சொல்லு.

சாத்தான்குளத்துல இருந்தா வாரிய? பொண்ணுக்குக் கல்யாணமா? ரொம்பச் சந்தோசம். மாப்பிள்ளை வீடு தூத்துக்குடின்னா நம்ம மண்டபந்தான் ரெண்டு வீட்டுக்கும் தோது. ஐநூறு பேரு தாராளமா உக்காரலாம். மாப்பிள்ளை ரூமுக்கும் பொண்ணு ரூமுக்கும் ஏசி இருக்கு. ஜன்னலைத் திறந்துட்டா கடக்காத்து வரும், ஏசியே வேண்டாம்னு வைங்க.

என்ன கேட்டிய?

ஓ. முக்கு டீக்கடையில சொன்னானா? சொல்லுவான். "மண்டபத்துக்கு மவ பேரை வச்சிருக்காரு, ஆனா அந்த மவ கல்யாணத்தைக் கோவில்பட்டியில கொண்டு போயி நடத்துனாரு"ன்னு சொல்லியிருப்பான். எத்தனை பேருகிட்டச் சொல்லிருக்கான்னு எனக்குத் தெரியும்.

நீங்க வாயைத் திறந்து கேட்டது நல்லதாப் போச்சு. வாரவங்கள்ல முக்காவாசிப் பேரு கேக்க மாட்டாவ. சுவத்தைப் பாப்பாவ, தரையைப் பாப்பாவ, "வீட்டுல கலந்துட்டுச் சொல்லுதேன்"னு போவாவ. அவ்வளவுதான். நான் நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். நீங்களும் ஒரு பொண்ணைப் பெத்தவர். நீங்களே நியாயம் சொல்லுங்க.

நான் இதுக்கு முன்னால வாடகைப் பாத்திரக் கடை வச்சிருந்தேன் அண்ணாச்சி. சேர்மத்துரை பாத்திரக் கடைன்னா தூத்துக்குடியில தெரியாத ஆளு கெடையாது. பந்தல், நாற்காலி, அண்டா, கரண்டி, எல்லாம் நம்மகிட்டதான். எந்தக் கல்யாணம்னாலும் மண்டபத்துக்குள்ள மொத ஆளாப் போறவன் நான், கடைசியா வெளிய வாரவன் நான். ஆனா ஒரு மண்டபத்துலயும் முன்வாசல் வழியாப் போனது கெடையாது. சமையக்கட்டுப் பக்கமா வண்டியை விடச் சொல்லுவாவ. முன்னால பன்னீர் தெளிச்சு, சந்தனம் குடுத்து, "வாங்க வாங்க"ங்கிற சத்தம் கேக்கும். நான் அண்டாவைத் தூக்கிக்கிட்டு நிப்பேன்.

பொன்செல்வி பொறந்தப்போ ஆசுபத்திரியிலேயே என் வீட்டுக்காரி ராஜகனிகிட்டச் சொன்னேன். "ஏ, இவ கல்யாணம் நம்ம சொந்த மண்டபத்துலதான். நீயும் நானும் முன்னால நின்னு எல்லாரையும் கும்பிடுதோம்." அவ மயக்கத்துல கெடந்தா. "சரி"ன்னா. அந்தச் சரியைத்தான் நான் இருபது வருசமா மனசுல வச்சிருந்தேன்.

இந்த இடம் ஒரு உப்பளம் அண்ணாச்சி. தொம்மை அண்ணாச்சின்னு ஒருத்தரோட அளம். அவுக அப்பா காலத்துல இருந்து உப்பு விளைஞ்ச பூமி. ஒருநாள் அவரே கடைக்கு வந்து, "சேர்மா, அளத்தைக் குடுத்துருதேன், உனக்கு வேணுமா?"ன்னு கேட்டாரு. ஊர்ல உள்ள மத்த இடமெல்லாம் நான் எட்டிப் பாக்க முடியாத விலை. இது கைக்கு எட்டும் போல இருந்துச்சு. கடலோரம். பக்கத்துல ரோடு. எதுக்க வேற கட்டடம் கெடையாது. இதை விட்டா வேற எது கெடைக்கும்?

பத்திரம் முடிச்சுட்டு வெளிய வந்து டீ குடிக்கோம். அப்பதான் தொம்மை அண்ணாச்சி, "ஏன் விக்கேன்னு நீ கேக்கவே இல்லியே"ன்னாரு.

"ஏன் விக்கிய?"ன்னேன்.

"முன்னால கடல் தண்ணியை மோட்டார் போட்டு இழுத்துத்தான் பாத்தியில விடுவோம். இப்ப அது கூப்பிடாமலே வருது. வந்து பாத்தியெல்லாம் அழிச்சிட்டுப் போவுது. விளைஞ்ச உப்பு வாரி எடுக்கதுக்குள்ள கரைஞ்சு போவுது"ன்னாரு.

அதுல எனக்கு ஒரு குறையும் தெரியல அண்ணாச்சி. நான் என்ன உப்பா விளைவிக்கப் போறேன்? கல்யாண மண்டபம் கட்டப் போறேன்.

லோடு லோடாச் செம்மண்ணைக் கொட்டி மேடாக்கினேன். பாத்திரக் கடையை வித்து, ராஜகனி நகையை வச்சு, கட்டி முடிச்சேன். முன்னால பெரிய ஹாலு, பின்னால ரெண்டு படி இறங்குனா சாப்பாட்டு ஹாலு. வாசல்ல போர்டு, நீங்க பாத்துருப்பிய, ராத்திரியில செவப்பா எரியும். பொன்செல்வி மஹால். பொன்செல்வி அப்போ காலேஜ் படிச்சுக்கிட்டிருந்தா. போர்டைப் பாத்து அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. கூடப் படிக்கிற பிள்ளைகளை எல்லாம் கூட்டியாந்து, போர்டுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்தா.

மொத வருசம் ஒரு குறை இல்ல. ரெண்டாம் வருசம் கார்த்திகையில ஒரு கல்யாணம். அன்னிக்குத்தான் மொத மொதலா ஈரம் வந்துச்சு.

மழையா? மழை ஏது, சுள்ளுன்னு வெயில் அடிக்குது. பந்தி நடந்துக்கிட்டிருக்கு. கை கழுவுற இடத்துல தண்ணி போற குழி இருக்கும்லா, அது வழியா மேல வருது. மொதல்ல ஏதோ அடைப்புன்னு நினைச்சோம். வாளியைக் குடுத்து அள்ளச் சொன்னேன். அள்ள அள்ள வருது. சாம்பார் விடுறதுக்குள்ள கணுக்கால் வரைக்கும் வந்துட்டு. எல்லாரும் காலைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சாப்பிடுதாவ. அந்த நேரம் பாத்து ஒரு நண்டு, இத்தினிக்கூண்டு நண்டு, மாப்பிள்ளையோட பெரியம்மா சேலையைப் பிடிச்சிட்டு. சுத்த சைவக் கல்யாணம் அது. அந்தம்மா போட்ட சத்தம் மேடை வரைக்கும் கேட்டுது.

நான் மைக்கைப் பிடிச்சேன். "யாரும் பயப்படாதிய. சமுத்திர ராசனே மணமக்களை வாழ்த்த வந்துருக்கான்"னு சொன்னேன். ஒருத்தரு கூடக் கை தட்டல.

அதுக்குப் பொறவு நான் சும்மா இருக்கல. அந்தக் குழியை அடைச்சேன். அடைச்சா தரைக்கல்லு இடுக்கு வழியா வருது. சுத்திச் சுவர் எழுப்பினேன். எழுப்பினா மழைத் தண்ணி வெளிய போவ மாட்டேங்குது, உள்ளேயே கெடக்கு. அதுக்கு ஒரு மோட்டார் வாங்கினேன். மோட்டார் உப்புப் பிடிச்சு நின்னுட்டு. இன்னொண்ணு வாங்கினேன். இதையெல்லாம் குறைன்னு சொல்லக் கூடாது அண்ணாச்சி. கட்டடம்னா பராமரிப்பு இருக்கத்தான் செய்யும்.

சுவத்துல வெள்ளையா இருக்கே, அதுவா? அது உப்பு பூக்குறது. தூத்துக்குடியில எல்லா வீட்டுலயும் பூக்கும்.

போகப் போக ஒரு விசயம் புரிஞ்சுது. இந்த ஈரம் கண்ட நாள்ல வாரதில்ல. ஐப்பசி கார்த்திகையில, பௌர்ணமியை ஒட்டியும் அமாவாசையை ஒட்டியும்தான் கடல் ஏறுது. நல்ல வளர்பிறை முகூர்த்தமும் அப்பத்தான் வருது. சரி, கடல் எப்ப இறங்கிக் கெடக்குன்னு பாத்தேன். அஷ்டமி, நவமி. அன்னைக்கெல்லாம் தரை துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். ஆனா அஷ்டமியில எவன் கல்யாணம் வைக்கான்?

எங்க ஊரு ஜோசியரைப் போயிப் பாத்தேன். "அஷ்டமியில ஒரு முகூர்த்தம் ரெண்டு முகூர்த்தம் குறிச்சுக் குடுங்க. உங்களையும் கவனிச்சுக்கிடுதேன்"னேன்.

"அஷ்டமியில தாலி கட்டச் சொல்லுதீரா? உம்ம மண்டபத்துக்காக ஊர்ல உள்ள பிள்ளைகள் எல்லாம் வாழாவெட்டியாப் போவணுமா வே?"ன்னு எந்திரிச்சிட்டாரு. அவ்வளவு கோவம். கடலுக்கு இல்லாத கோவம் அவருக்கு.

இதுக்கு நடுவுல பொன்செல்வி படிப்பை முடிச்சு ஒரு ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துட்டா. ஒருநாள் சாயங்காலம் வந்து, சோறு கூடச் சாப்பிடாம, "யப்பா, அந்தப் போர்டுல உள்ள பேரை எடுத்துருங்க"ன்னா.

"ஏன்மா?"

"ஆபீஸ்ல நான் வந்தாலே ஒருத்தன் பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிடுதான். 'பொன்செல்வி வந்துட்டா, காலைத் தூக்கிக்கிடுங்க'ன்னு சிரிக்காவ. எனக்கு அங்க உக்கார முடியலப்பா."

"அது பொறாமைம்மா. அவனுகளுக்கு யாரு போர்டு வச்சிருக்கா?"ன்னேன். உள்ள போயிட்டா. பிள்ளைகளுக்குச் சில விசயம் சொன்னாலும் புரியாது.

பொறவு கோவில்பட்டியில இருந்து சம்பந்தம் வந்துச்சு. நல்ல குடும்பம். மாப்பிள்ளை அங்க ஒரு பள்ளிக்கூடத்துல சயின்ஸ் வாத்தியாரு. மரியாதையான பையன். நிச்சயத்துக்கு வந்தவரு மண்டபத்தைச் சுத்திப் பாத்துட்டு, ரொம்பப் பையத்தான் சொன்னாரு. "மாமா, கடல் மட்டம் எல்லா இடத்துலயும் ஏறிக்கிட்டிருக்கு. இந்த இடம் தாழ்வா இருக்கு. இதுக்கு மேல இதுல காசு போடாதிய."

"எவ்வளவு மாப்பிள்ளை ஏறுது?"ன்னேன்.

"வருசத்துக்கு ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் மாமா."

நாலு மில்லிமீட்டர்! அரிசி மணி நீளம் கூடக் கெடையாது அண்ணாச்சி. அதுக்குப் பயந்து ஒருத்தன் மண்டபத்தை விடுவானா? நான் சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சாரு. ஆனா அவரு வேற எதுக்கோ சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

தேதி மாப்பிள்ளை வீட்டுல குறிச்சாவ. கார்த்திகை, பௌர்ணமிக்கு முந்தின நாள். நான் உடனே, "கல்யாணம் நம்ம மண்டபத்துல"ன்னேன். ராஜகனி என்னையப் பாக்கா, நான் அவளைப் பாக்கேன். பொன்செல்விதான் பேசினா. அத்தனை பேருக்கு முன்னால.

"யப்பா, கல்யாணம் கோவில்பட்டியிலயே இருக்கட்டும்."

"என்னம்மா சொல்லுத? உனக்காகக் கட்டுன மண்டபம்."

"பௌர்ணமிக்கு முந்தின நாளுப்பா. தண்ணி வரும்."

"வராது."

"வந்தா?"

"வராதுங்கேன்லா!"

அன்னிக்கு ராத்திரி வீட்டுல பெரிய சண்டை. நான் சொல்லிட்டேன், "மண்டபம் இல்லன்னா நான் கல்யாணத்துக்கே வரல"ன்னு. அப்பா பாசத்துல ஒரு வார்த்தை சொல்லுதது தானே. அவ என் பக்கத்துல வந்து உக்காந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மண்டபம் இல்லன்னாலும் கல்யாணம் நடக்கும்பா. நீங்க இல்லன்னா எனக்கு நடக்காது. வாங்கப்பா"ன்னா.

இதைக் கேட்டா யாருக்குத்தான் மனசு இளகாது? சரின்னுட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் மனசுக்குள்ள முடிவு பண்ணிக்கிட்டேன். அன்னிக்கு ஈரம் வராதுன்னு நிரூபிக்கணும்.

அதனால அந்தத் தேதிக்கு மண்டபத்தை வேற யாருக்கும் குடுக்கல. ஒருத்தரும் கேக்கலதான், ஆனா கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். வாசல்ல ரெண்டு பக்கமும் குலை தள்ளுன வாழை மரம் கட்டினேன். மேடைக்குப் பூ அலங்காரம். சீரியல் லைட்டு. சாப்பாட்டு ஹால்ல மேசைக்கெல்லாம் பேப்பர் விரிச்சு, தண்ணி டம்ளர் எடுத்து வச்சு, எல்லாம் தயார். ஆளு மட்டும்தான் இல்ல. ராஜகனி கேட்டா, "உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?"ன்னு. இசக்கியைக் காவலுக்கு நிறுத்தினேன். "ஏல, போனைக் கையிலேயே வச்சிருக்கணும். ஈரம் வந்தாலும் சொல்லணும், வராட்டாலும் சொல்லணும்"னு சொல்லிட்டுத்தான் கோவில்பட்டிக்கு வண்டி ஏறினேன்.

கோவில்பட்டி மண்டபம் நல்ல மண்டபந்தான். பொய் சொல்லக் கூடாது. கரிசக்காடு, மேட்டுப் பூமி, சுவரெல்லாம் காஞ்சு கெடக்கு. ஆனா காத்து கெடையாது. எனக்கு அங்க இருப்புக் கொள்ளல. விடியக்காலம் இருந்து இசக்கிகிட்டக் கேட்டுக்கிட்டே இருக்கேன். "வந்துச்சா?" "வரல மொதலாளி." "வந்துச்சா?" "வரல மொதலாளி." ஒவ்வொரு "வரல"வுக்கும் எனக்கு நெஞ்சு நிறையுது.

முகூர்த்த நேரம். பொண்ணு மாப்பிள்ளை மேடையில உக்காந்தாச்சு. ஐயர் மந்திரம் சொல்லுதாரு. நானும் பட்டு வேட்டி கட்டி மேடையிலதான் நிக்கேன். போன் அடிச்சுது. பாத்தா இசக்கி. இவனா எதுக்குக் கூப்பிடுதான்? வந்துட்டோ? எடுத்தா நாதசுரச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பைய மேடையை விட்டு இறங்கி வாசலுக்குப் போனேன்.

"என்னல?"

"மொதலாளி, வெளிய ரோட்டு வரைக்கும் வந்துருக்கு."

"உள்ள?"

"உள்ள வரல."

"சாப்பாட்டு ஹாலுக்குப் போ. போனை வைக்காத. போயிப் பாரு."

அவன் நடந்து போற சத்தம் கேக்கு. "பாத்துட்டேன். காஞ்சுதான் இருக்கு."

"கையால தொட்டுப் பாருல. தரையைத் தொட்டுப் பாத்துச் சொல்லு."

"தொட்டுட்டேன் மொதலாளி. சொட்டு இல்ல. நல்லாக் காஞ்சிருக்கு."

அந்த வாசல்ல நின்னு நான் அழுதுட்டேன் அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன், பொண்ணு பொறந்த அன்னிக்குக் கூட நான் அப்படி அழல. "காஞ்சிருக்கு, காஞ்சிருக்கு"ன்னு நானே சொல்லிக்கிடுதேன். பக்கத்துல நின்ன வண்டிக்காரன் என்னைய ஒரு மாதிரிப் பாக்கான்.

உள்ள கெட்டிமேளம் கொட்டுத சத்தம் அப்பதான் காதுல விழுந்துச்சு.

ஓடுனேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு அட்சதை போடுதாவ. ஆளை விலக்கிக்கிட்டு மேடைக்குப் போறதுக்குள்ள தாலி கட்டியாச்சு. தாரை வாத்துக் குடுக்க அப்பாவைக் கூப்பிட்டிருக்காவ. தேடியிருக்காவ. ராஜகனியோட தம்பி முத்துமாலையும் அவன் பொஞ்சாதியும் போயி நின்னு குடுத்துட்டாவ. ராஜகனி ஒரு ஓரமா நிக்கா. சேலை முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நிக்கா.

நான் நேராப் போயி பொன்செல்வி காதுல சொன்னேன். "வரலைம்மா! ஒரு சொட்டு வரல! இசக்கி கையால தொட்டுப் பாத்துட்டான்!"

அவ என்னைய நிமிந்து பாத்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. அவளுக்கும் அந்த மண்டபத்து மேல உள்ளுக்குள்ள பாசம் இருந்துருக்கு, பாத்தியளா.

"எங்கப்பா போனீங்க?"ன்னா.

"வாசலுக்கும்மா. உள்ள சத்தம், போன் கேக்கல."

"சரிப்பா"ன்னா. அவ்வளவுதான். போட்டோக்காரன் எல்லாரையும் சிரிக்கச் சொன்னான்.

நீங்களே சொல்லுங்க. ஒரு நிமிசம் பொறுத்திருக்கலாமா வேண்டாமா? பெத்த அப்பன் வாசல்லதான நிக்கான், ஒரு ஆளை அனுப்பிக் கூப்பிடக் கூடாதா? நேரம் தப்பிரும்னு ஐயர் சொன்னாராம். அன்னிக்குக் கடலே எனக்காகப் பொறுத்து நின்னுச்சு அண்ணாச்சி. என் மச்சான் பொறுக்கல. இன்னிக்கு வரைக்கும் நான் அவன்கிட்டப் பேசுறது கெடையாது.

ஆனா நான் அந்தக் கோவத்தை அங்க காட்டல. காஞ்சிருக்குங்கிற சந்தோசம். சம்பந்தியைக் கூப்பிட்டு, எல்லாரும் கேக்கச் சொன்னேன். "நாளைக்கு மறுவீட்டு விருந்து என் மண்டபத்துல. அலங்காரம் எல்லாம் அப்படியே இருக்கு. ஒருத்தர் விடாம வரணும்." பொன்செல்வி, "வீட்டுலேயே வச்சுக்கிடுவோம்பா"ன்னா. "இன்னிக்கே வரல, நாளைக்கா வரப் போவுது?"ன்னு கேட்டேன்.

மறுநாள் வந்துச்சு.

மறுநாள் பௌர்ணமி. நான் வெள்ளன சமையல்காரங்களைக் கூட்டிக்கிட்டு வாரேன், ரோட்டுல இருந்தே தெரியுது. வாழை மரம் ரெண்டும் தண்ணிக்குள்ள நிக்கு. உள்ள மேடையில மொதல் படி முங்கிட்டு. சாப்பாட்டு ஹால்ல மேசையில விரிச்ச பேப்பரும் டம்ளரும் கடக்காத்துல கீழ விழுந்து மிதக்கு. டம்ளரு ஒண்ணு ஒண்ணா கதவைப் பாத்துப் போவுது. இசக்கி பிடிச்சுப் பிடிச்சு எடுக்கான்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து ரோட்டுலேயே நின்னுட்டு. யாரும் இறங்கல. மாப்பிள்ளை மட்டும் இறங்கி வந்து, "பரவால்ல மாமா, வீட்டுக்குப் போவோம்"னாரு. எங்க வீடு டவுனுக்குள்ள மேட்டுல இருக்கு, அங்க இந்தத் தொந்தரவெல்லாம் கெடையாது. ராஜகனி சமையல்காரங்ககிட்ட அண்டாவை எல்லாம் வண்டியில ஏத்தச் சொன்னா. எல்லாரும் கெளம்பிட்டாவ.

நான் போவல. விருந்து இங்கன்னு சொன்னவன் நான். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா? சாப்பாட்டு ஹால்ல ஒரு பெஞ்சுல போயி உக்காந்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் ஈரம். அப்படியே உக்காந்துருந்தேன்.

எவ்வளவு நேரம் இருந்தேன்னு தெரியல. வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டுது. பொன்செல்வி. தனியா வந்தா. கழுத்துல புதுத் தாலி, பட்டுச் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகியிருக்கா. ஒரு கையில தூக்குவாளி, இன்னொரு கையில வாழை இலை. சளப்பு சளப்புன்னு நடந்து வந்து, எனக்கு எதுத்தாப்புல உக்காந்தா.

"ஏம்மா, அங்க மாப்பிள்ளை இருக்காரு, சம்பந்தி இருக்காவ. இங்க எதுக்கு வந்த?"

"பசிக்குதுப்பா. உங்களை விட்டுட்டு எனக்கு இறங்கல."

மேசையைத் துடைச்சா. ரெண்டு இலை போட்டா. சோறு வச்சு, குழம்பு ஊத்தி, எனக்குப் பிடிக்கும்னு ரெண்டு வடை கூட வச்சா. நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டோம். இந்த மண்டபத்துல எம் மவ சாப்பிட்ட மொத விருந்து சாப்பாடு அது.

பொறவு இலையைப் பாத்துக்கிட்டே சொன்னா. "தாலி கட்டும்போது நிமிந்து பாத்தேம்பா. நீங்க நிக்க வேண்டிய இடத்துல மாமா நின்னாவ."

"அதான் சொன்னேன்லாம்மா. இசக்கி போன் பண்ணினான்..."

"தெரியும்பா."

பொறவும் என்னமோ சொன்னா. ரொம்ப மெதுவாச் சொன்னா. அது எனக்குச் சரியாக் கேக்கல அண்ணாச்சி. ஏன்னா அந்த நேரத்துலதான் நான் கவனிச்சேன், அவளுக்குப் பின்னால இருந்த தூண்ல ஒரு ஈரக்கோடு தெரியுது. தண்ணி அந்தக் கோட்டுக்குக் கீழ நிக்கு. வடிய ஆரம்பிச்சிட்டு. நான் அதையே பாத்துக்கிட்டிருக்கேன். கோடு பைய அகலமாவுது.

"ஏட்டி பொன்னு, அங்க பாரு! ஒரு விரக்கடை குறைஞ்சிட்டு!"ன்னேன்.

அவ திரும்பிப் பாக்கல. இலையை மடிச்சா. குனிஞ்சு, காலடியில கெடந்த தண்ணியிலேயே கையைக் கழுவினா. முந்தானையில துடைச்சுக்கிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கிட்டு, எந்திரிச்சுப் பைய நடந்து போயிட்டா. ஆட்டோ போற சத்தம் கேட்டுது.

நான் அந்தத் தூணை விட்டுக் கண்ணை எடுக்கல. பொழுது சாயுறதுக்குள்ள தரை தெரிஞ்சிட்டு. சொன்னா நம்ப மாட்டிய அண்ணாச்சி, சுத்தமா வடிஞ்சிட்டு.